கம்பளிக்குள் ஒரு மீன் தொட்டி

"நம்ம டேங்க்கைப் பார்க்க வாங்க சார்" என்று எங்கள் குடியிருப்புக்காரர் ஒருவர் மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் கூப்பிடுவார். நம்பிப் போனால், ஹாலில் நாலடி நீளத்துக்கு ஏதோ ஒன்று கம்பளி போர்த்தி நிற்கும்.

"பிளாக்-அவுட் சார். மூணு நாள் வெளிச்சமே படக்கூடாது. பாசி செத்துடும்."

செடி? "தாங்கும்." மீன்? "அதுபாட்டுக்கு இருக்கும்."

வந்ததற்கு சோபாவில் உட்கார்ந்து கம்பளியைப் பார்க்க வேண்டும். "இடது ஓரத்துல ஒரு கல்லு. அதுக்குப் பின்னாடி ரொட்டாலா செடி, செக்கச்செவேல்னு!" பார்க்கிறோம். கம்பளியில் அச்சடித்த புலி நம்மைப் பார்க்கிறது. கூட வந்த பையன் ஓரத்தைத் தூக்கினால் போச்சு. "டேய், லைட் உள்ளே போயிடும்!" ஹால் விளக்கும் போடுவதில்லை. காபி டம்ளரைத் தடவித்தான் எடுக்க வேண்டும். டிவி வெளிச்சமும் வெளிச்சம்தானே, அதற்கும் தடை. அந்த மூன்று நாளும் அவர் மனைவி சீரியல் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். பாவம், தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்.

நாலாம் நாள் கம்பளி விலகும். கண்ணாடி பளிச். அந்தச் சந்தோஷத்தில் காலையில் போட்ட விளக்கை ராத்திரி பதினொன்றுக்குத்தான் அணைப்பார். ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேர வெளிச்சம் செடிக்குப் போதும். கரியமில வாயு பற்றாமல் செடி திணறும்போது மிச்ச வெளிச்சமெல்லாம் பாசிக்குத்தான் கொண்டாட்டம். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். "அப்போ டைமர் வைக்கலாமே?" "சாயங்காலம் வர்றவங்க எப்படி சார் பார்ப்பாங்க?"

கொளத்தூர் மீன் கடையில் வாங்கிவந்த அமானோ இறால்கள் பாசி தின்னப் பிறந்தவை. இவர் போடும் மீன் தீனிக்குப் பழகி, பாசியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அந்த இறாலுக்குப் பெயர் தந்த ஜப்பான்காரர் தகாஷி அமானோ, லிஸ்பன் ஓஷனேரியத்தில் 2015இல் அமைத்த 40 மீட்டர் நீளத் தொட்டியைப் பற்றிப் பேசும்போது மட்டும் இவர் குரல் தழுதழுக்கும். அப்போது கொஞ்சம் பிடிக்கவும் செய்யும். அதற்கு எத்தனை கம்பளி வேண்டியிருக்கும் என்று நான் கேட்டதில்லை.

கேட்க வேண்டியது வேறு. வாராவாரம் பாதித் தண்ணீரை மாற்றுகிறார். 250 லிட்டர் தொட்டி. எட்டு பக்கெட்டுக்குக் குறையாது. மே மாதத்தில், லாரித் தண்ணீருக்குத் தலைக்கு இவ்வளவென்று பங்கு போடும் குடியிருப்பில், அவ்வளவும் பாத்ரூம் ஜலதாரையில் போகிறது. மீன் கழிவு கரைந்த தண்ணீர் செடிக்கு நல்ல உரம். மொட்டைமாடியில் என் மல்லிகை காய்ந்து கிடக்கிறது, கொடுங்கள் என்றேன்.

"வேண்டாம் சார். அதுல பாசி இருக்கும்."