தாழம்பூ சாட்சிய நம்பாத மாப்ளே

வாங்கு மாப்ளே, தாராளமா வாங்கு. பைபாஸ் ஓரத்துல பழைய பெட்ரோல் பங்க் இருந்த மனை, பக்கத்து மனையோட பாதி வெலைக்கு வருதுன்னா யாருதான் விடுவா? மெஷினக் கழட்டிக்கினு போய்ட்டாங்க, கூரையப் பிரிச்சிட்டாங்க, தரைய சுத்தமாப் பெருக்கி வெச்சிருக்காங்க. ஒனக்கு அது போதும். ரெண்டு லோடு செம்மண்ண அடிச்சி, மேல காங்கிரீட்டு போட்டு, கிரிவலம் வர்ற சனத்துக்கு லாட்ஜு கட்டப் போற. கார் நிறுத்தக் கீழ ஒரு பள்ளம் வேற. பௌர்ணமிக்குப் பௌர்ணமி காசு கொட்டும். மாமன் ஆசீர்வாதம் இல்லாமயா?

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோவிச்சிக்காத. மண்ணுக்கு அடியில இருந்த தொட்டியத் தோண்டி எடுத்தாங்களா, இல்ல வெச்சே மூடிட்டாங்களா?

முழிக்கிற பாரு. அண்ணாமலையில பொறந்தவனுக்கு நான் சொல்லணுமா? அடிமுடி தேடின கதையில, பன்னியாட்டம் கீழ தோண்டிக்கினு போன பெருமாளு, "அடி தெரியல சாமி"ன்னு திரும்பி வந்து உள்ளத ஒத்துக்கினாரு. மேல பறந்த பிரம்மாதான் தாழம்பூவக் கூட்டியாந்து, "முடியப் பாத்துட்டேன்"னு சாதிச்சாரு. ஒனக்கு மனை விக்கிறவரு இதுல எந்தக் கட்சி? கமகமன்னு ஒரு சர்ட்டிபிகேட்ட நீட்டினாரே, அதுல எத்தினி அடி தோண்டிப் பாத்தாங்கன்னு ஒரு வரியாவது இருந்துச்சா?

பங்க்குல தெனம் கோல விட்டு அளப்பாங்க. கொறஞ்சா ஆவியாப் போச்சுன்னு எழுதிக்கலாம். ஆவியாப் போறதும் நெசந்தான், அதான் வசதி. துருப்புடிச்ச தொட்டியில நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினா ஒரு நாளைக்கு நாலு லிட்டரு, வருசத்துக்கு 1,500 லிட்டரு. இத எவன் பாத்தான்? அமெரிக்காக்காரன் 1984ல இதுக்குன்னே சட்டம் போட்டு எண்ண ஆரம்பிச்சான். இதுவரைக்கும் அஞ்சு லட்சத்துக்கு மேல ஒழுகல் கண்டுபுடிச்சிருக்கான். நம்மூர்ல தொட்டிங்க ரொம்ப ஒழுக்கமானதுங்க போல, அவ்ளோ சேதி வர்றதில்ல. தோண்டிப் பாக்காத எடத்துல சேதி எப்படி வரும்னு கேக்காத, நான் கெழவன்.

கெணறு வெட்டின கை இது. இந்தப் பக்கத்து மண்ணு எனக்குத் தெரியும். மேல செம்மண்ணு, கீழ மொரம்பு, அதுக்கும் கீழ பாறை. பெட்ரோலு தண்ணிய விட லேசு, அதனால எறங்கி எறங்கி நெலத்தடித் தண்ணி மேல போய் ஆடையாட்டம் நிக்கும். ஐப்பசி, கார்த்திகையில தண்ணி ஏறினா கூடவே ஏறும். சித்திரையில எறங்கினா, நடுவுல இருக்கற மண்ணு பூரா பூசிட்டு எறங்கும். பாறை வெடிப்புல பூந்துச்சுன்னா அது எந்தப் பக்கம் போச்சுன்னு சொல்ல எந்தச் சோசியனாலயும் ஆவாது. ஒன் மனை சுத்தமா இருந்து, ரெண்டு தெரு தாண்டி ஒரு வூட்டு போர்ல வாசனை வந்தாலும் வரும்.

மோந்து பாத்தேன், ஒண்ணும் இல்லன்றியா? கொஞ்ச நேரத்துல மூக்கு பழகிப்போவும், அப்புறம் நாத்தமே தெரியாது. பெட்ரோல்ல பென்சீன்னு ஒண்ணு இருக்கு, ரத்தப் புத்துநோயக் கொண்டுவர்ற சரக்கு. குடிக்கிற தண்ணியில லிட்டருக்கு 0.01 மில்லிகிராம தாண்டக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அந்த அளவுக்கு ஒன் மூக்கும் ஆவாது, என் மூக்கும் ஆவாது.

பாக்கறவன் பாக்கற விதமே வேற மாப்ளே. டேங்கர் லாரி வந்து குழாய் மாட்டின எடம், மெஷின் நின்ன எடம், பைப்பு போன வழி, தொட்டியச் சுத்தி, இங்கெல்லாம் துளை போடுவான். ஒவ்வொரு ஆழத்துலயும் மண்ண எடுத்து, கண்ணாடி பாட்டில்ல காத்துப் போவாம அடைச்சி, ஐஸுல வெச்சி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவான். பாலித்தீன் கவர்ல மண்ணக் கட்டி டிக்கியில போட்டு வெயில்ல கொண்டுபோனா, பாதி ஆவி வழியிலயே போயிடும், ரிசல்ட்டும் வாங்கறவன் மனசு குளிர்ற மாதிரி வரும். தண்ணிக்குக் கொறஞ்சது மூணு போர். மூணுலயும் மட்டம் பாத்தாத்தான் தண்ணி எந்தப் பக்கம் சாயுதுன்னு புரியும். கயித்துல கட்டின கண்ணாடிக் குழாய உள்ள விட்டு மெதுவா எடுப்பாங்க. கீழ தண்ணி, மேல பழுப்பா எண்ணெ, நடுவுல கோடு கிழிச்சாப்ல நிக்கும். அதப் பாத்தப்புறம் ஒனக்கு லாட்ஜு ஆசை கொஞ்சம் தணியும்.

கட்டுக்கதை இல்ல. சென்னை தண்டையார்பேட்டையில 2013ல கெணத்துலயும் போர்லயும் தண்ணிக்குப் பதிலா எண்ணெ வந்துச்சு. அது பங்க்கு தொட்டி இல்ல, பாரத் பெட்ரோலியம் கம்பெனியோட தரைக்கடிப் பைப்பு. பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு, சென்னை ஐ.ஐ.டி.காரங்க வந்து ஆராய்ச்சி பண்ணாங்க. கதிராமங்கலத்துல 2017 ஜூன் 30ஆம் தேதி ஓ.என்.ஜி.சி. பைப்பு ஒடஞ்சி வயல்ல எண்ணெ பரவினப்போ, சனம் ரோட்டுக்கு வந்துச்சு, போலீசு தடியோட வந்துச்சு.

சுத்தம் பண்ண முடியாதான்னு கேக்கற. முடியும், பர்ஸ் தாங்கணும். கெட்ட மண்ணத் தோண்டி எடுக்கலாம்; ஆனா எடுத்து ராத்திரியோட ராத்திரியா சமுத்திரம் ஏரியில கொட்டிட்டு வரலாம்னு நெனைக்காத, அபாயக் கழிவுக்குன்னே கும்மிடிப்பூண்டியில எடம் இருக்கு. தோண்ட முடியாத ஆழம்னா, துளை போட்டு மண்ணுல இருக்கற ஆவிய பம்பு வெச்சி உறிஞ்சுவாங்க. இல்லன்னா எண்ணெ தின்ற கிருமிய விடுவாங்க. டெல்லியில டெரி நிறுவனம் அப்படி ஒரு கூட்டத்த வளத்து 'ஆயில்ஜாப்பர்'னு பேரு வெச்சிருக்கு. மக்காச்சோளக் கதிரு சக்கையத் தூளாக்கி அதுல ஊற வெச்சித் தருவாங்களாம். அதுங்களுக்குக் காத்து வேணும், ஈரம் வேணும், தழைச்சத்து வேணும், எல்லாத்துக்கும் மேல பொறுமை வேணும். நீ போடற காங்கிரீட்டு அதுங்க மூச்ச அடைக்கும்.

அந்தக் காங்கிரீட்டால இன்னொரு லாபமும் உண்டு. பெட்ரோல் ஆவி காத்த விட கனம், பள்ளமாப் பாத்துத் தங்கும். நீ கார் நிறுத்தற பள்ளம் அதுக்கு அளவெடுத்துத் தச்ச சட்டையாட்டம். எவனாவது பீடிய பத்த வெச்சான்னா, ஒன் லாட்ஜுலயே அக்கினித் தலம் பாத்துக்கலாம். எட்டு லிங்கத்தோட ஒம்பதாவதா ஒண்ணு, அனுமதி இலவசம்.

சட்டமும் கொஞ்சம் ஒம் பக்கம்தான். மாசுபட்ட எடங்களுக்குன்னே மத்திய அரசு 2025 ஜூலையில தனி விதி கொண்டாந்துச்சு. கெடுத்தவன்தான் செலவ ஏத்துக்கணும்னு அதுல இருக்கு. ஆனா கெடுத்தவன் யாருன்னு தேடிக் கண்டுபுடிக்கிற வரைக்கும், பத்திரத்துல பேரு இருக்கறவன் வாசல்லதான் ஜீப்பு வந்து நிக்கும்.

அதனால அட்வான்ஸ் குடுக்கற கைய ஒரு மாசம் பாக்கெட்டுல வெச்சிக்க. தொட்டி எடுத்த காயிதத்தக் கேளு. ஒன் செலவுலயே துளை போட்டு மண்ணையும் தண்ணியையும் பாரு. முடிஞ்சா மழைக்கு முன்ன ஒரு தரம், மழைக்கு அப்புறம் ஒரு தரம். அக்ரிமென்ட்டுல ஒரு வரி சேரு: கீழ எண்ணெ இருந்தா சுத்தம் பண்ற செலவு விக்கிறவரோடது. அந்த வரியப் பாத்து அவரு சிரிச்சிக்கினே கையெழுத்துப் போட்டா மண்ண டெஸ்ட்டுக்கு அனுப்பு. மூஞ்சி சுருங்கிச்சுன்னா டெஸ்ட்டு செலவும் மிச்சம், டீயக் குடிச்சிட்டு எந்திரிச்சி வந்துடு.