கட்டும் இல்லை, மரமும் இல்லை: கரீபியக் கடலில் ஒரு சொல்லுரிமை ஆய்வு

கரீபியக் கடலில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடும் இரட்டை உடல் பாய்க்கப்பலைக் ‘கட்டமரான்’ என்கிறார்களே, அது இலக்கணப்படி செல்லுமா? இந்தக் கேள்வியை இதுவரை எவரும் உரிய கவனத்தோடு எழுப்பவில்லை. அங்கே போகிறவர்கள் எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்கப் போவதே காரணம். அந்தக் குறையைப் போக்கக் குவாதலூப் தீவின் சென் பிரான்சுவா துறையிலிருந்து பெத்தித் தேர் தீவுகளுக்கு ஒரு முழுநாள் களப்பணி மேற்கொள்ளப்பட்டது. நல்கை: பாரிசில் வேலை பார்க்கும் மகள். பிரெஞ்சு மொழிபெயர்ப்பு: அவளே. மேற்பார்வை: என் மனைவி. முறையியல் பற்றி ஒரு குறிப்பு மட்டும்: இக்கட்டுரையில் ‘ஆய்வாளர்’ என்று வரும் இடங்களில் நடந்தவற்றுக்கு நான் பொறுப்பல்ல.

கட்டுமரம் என்பது வினைத்தொகை. கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என்று முக்காலமும் அதற்குள் மடங்கிக் கிடக்கின்றன. சோழமண்டலக் கரையில் இதற்கு உரையாசிரியர் தேவைப்பட்டதில்லை. சீவிய மரங்கள் சிலவற்றை நீளவாக்கில் அடுக்கிக் கயிற்றால் பிணைப்பார்கள். தொழில் முடிந்து கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயப் போடுவார்கள். அலை மேலே ஏறும். மரங்களின் இடுக்கு வழியே கீழே போகும். தேங்க இடமில்லாததால் மூழ்கவும் வழியில்லை. உலகில் ஓட்டை இருப்பதையே பாதுகாப்பாக மாற்றிக்கொண்ட கலங்கள் அதிகம் இல்லை.

இச்சொல்லை ஆங்கில அச்சுக்குக் கொண்டுபோனவர்களில் முந்தியவர் வில்லியம் டாம்பியர். 1697-இல் வெளிவந்த அவருடைய உலகப் பயண நூலில் சோழமண்டலக் கரையின் இந்தக் கலம் வருகிறது. அதே டாம்பியர் அதற்கு முன்னால் கரீபியக் கடலில் கொள்ளையரோடு திரிந்தவர். நம் கரையிலிருந்து ஒரு சொல் காணாமல் போயிருக்கிறது. அதைக் கடைசியாகக் கையில் வைத்திருந்தவரின் தொழில் கொள்ளை. சொல்லுரிமை வழக்கில் இதைவிடத் தெளிவான சாட்சியம் கிடைக்காது.

எதிர்த்தரப்பு வாதத்தையும் பதிவு செய்துவிடுகிறேன். இரண்டு உடல்களை இடைவெளி விட்டு இணைக்கும் உத்தி பசிபிக் தீவினருடையது, நம்முடையது அல்ல. 1876-இல் நதானியேல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் ‘அமரில்லிஸ்’ என்றொரு இரட்டை உடல் படகைச் செய்து நியூயார்க் பந்தயத்தில் மற்ற படகுகளை எல்லாம் பின்னுக்குத் தள்ளினார். பிறகு இந்த வகைப் படகே பந்தயத்துக்கு வரக் கூடாது என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆக, உத்தி பசிபிக்காரர்களுடையது, பெயர் நம்முடையது, கட்டணம் பிரெஞ்சுக்காரர்களுக்கு.

காலையில் ஏறியவுடன் ஆய்வாளர் கப்பலை விரலால் தட்டிப் பரிசோதித்தார். கண்ணாடியிழையும் பிசினும். அச்சில் வார்த்தது, எவரும் எதையும் எதோடும் கட்டவில்லை. மரம் எங்காவது இருக்கிறதா என்று தேடியதில் கழிப்பறைக் கதவு அகப்பட்டது. அதுவும் மரம்போல் கோடு போட்ட தாள் ஒட்டியது. கட்டும் இல்லை, மரமும் இல்லை, நடுவில் தொக்கி நிற்கக் காலமும் இல்லை. “என்னங்க, உக்காருங்க, கிளம்புது” என்றார் மேற்பார்வையாளர்.

இந்தக் கடலில் ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்து காற்று வீசுகிறது. நம் மீனவர்கள் அதைக் கொண்டல் என்பார்கள். பெத்தித் தேர் இருப்பதோ தென்கிழக்கில். ஆகவே போகும்போது காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு இயந்திரத்தின் தயவில் போக வேண்டும். பாய் என்பது திரும்பும்போதுதான். நாங்கள் கிளம்பிய கிராந்த் தேரின் மறைவு தீரும் வரை எல்லாரும் படம் எடுத்தார்கள். மறைவு தீர்ந்தது. அட்லாண்டிக் வந்தது.

இரட்டை உடல் கப்பல் சாயாது என்பது விளம்பரங்களில் தவறாமல் வரும் செய்தி. உண்மைதான். ஒற்றை உடல் பாய்க்கப்பல் காற்றில் ஒருக்களித்துக்கொள்ளும், இது ஒருக்களிக்காது. ஆனால் சாயாத பொருள் அலையில் வேறென்ன செய்யும் என்பதை விளம்பரம் சொல்வதில்லை. குதிக்கும். இடப்பக்க உடல் ஓர் அலையில் ஏறும்போது வலப்பக்க உடல் இன்னொன்றில் இறங்க, நடுத்தளத்தின் அடிவயிற்றில் மூன்றாவது அலை வந்து அறையும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘ஆடுகிறோம்’ என்கிறது. எதிரே இருக்கும் நாற்காலியைப் பார்க்கும் கண் ‘இல்லையே, நிலையாகத்தானே இருக்கிறோம்’ என்கிறது. கண் ஒன்று சொல்ல, காது வேறு சொல்ல, தீர்ப்பை வயிறு எழுதுகிறது. ஆய்வாளர் அமரத்துக்கு, அதாவது கப்பலின் பின்பக்கத்துக்கு, விரைந்தார். காற்று வரும் பக்கமாகக் குனியக் கூடாது என்ற விதியை எந்த நூலிலும் படிக்க வேண்டியதில்லை. முதல் தடவையே விளங்கிவிடுகிறது.

“அடிவானத்தையே பாருங்கப்பா” என்று மகள் கையைப் பிடித்து அணியத்துக்கு, அதாவது முன்பக்கத்துக்கு, அழைத்துப் போனாள். இரண்டு உடல்களின் முன்மூக்குகளுக்கு நடுவே தளம் கிடையாது. தடித்த வலை ஒன்று விரித்திருந்தது. அதில் என் மனைவி ஊர்த் திண்ணையில் படுப்பதுபோலக் கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். நானும் குப்புற விழுந்தேன். ஆய்வின் திருப்புமுனை அந்தக் கோணத்தில்தான் நிகழ்ந்தது. மூக்குக்கு நேரே, வலையின் விளிம்பு முழுக்கக் கயிறு ஓடியது. கண்ணி கண்ணியாகக் கோத்து, இழுத்து, கப்பலின் உடலோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கட்டு! அதை நான் சொல்லி முடிப்பதற்குள் ஓர் அலை வலையின் கண்கள் வழியே மேலே பீறிட்டு என்னைத் தலைமுழுக வைத்து, அதே கண்கள் வழியே இறங்கிப்போனது. துளி தேங்கவில்லை. சோழமண்டலத்தின் மொத்தத் தத்துவமும் இரண்டு பாய் அகல வலையில் உயிரோடு இருந்தது. எழுந்து நின்று இதை உரக்க அறிவித்தேன். பக்கத்தில் படுத்திருந்த பிரெஞ்சுத் தம்பதி கைதட்டினார்கள். அலையைப் பாராட்டுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

பெத்தித் தேரில் ‘தேர்’ என்பது நிலம். சின்ன நிலம் என்று பொருள். “சின்னத் தேருன்னா பெரிய தேர் எங்கே?” என்று மனைவி கேட்டார். நாம் கிளம்பிய இடம்தான் என்றேன். கிராந்த் தேர் என்றால் பெரிய நிலமேதான். ஆய்வில் ஒன்றாவது இவ்வளவு சுளுவாகப் பொருந்தியது ஆறுதல். இரண்டு சிறுதீவுகள், நடுவில் பவளப் பார் தடுத்துக் காக்கும் அமைதியான நீர்ப்பரப்பு. 1998 முதல் இது இயற்கைக் காப்பகம். ஒரு தீவில் கால் வைக்கவே கூடாது. மற்றதில் 1840-இல் எழுப்பிய கலங்கரை விளக்கமும், மனிதரைக் கண்டால் நகராத இகுவானாக்களும் உண்டு. பார்வைக்கு உடும்பின் பங்காளி. இந்த இனத்துக்கு 1768-இல் லாரென்டி வைத்த அறிவியல் பெயர் ‘தெலிகாத்திசிமா’. மிக மென்மையானது என்றும் கொள்ளலாம், மிக ருசியானது என்றும் கொள்ளலாம். பெயர் வைத்தவர் மதிய உணவுக்கு முன் வைத்தாரா பின் வைத்தாரா என்பது தனி ஆய்வுக்குரியது.

இனி மூச்சுக்குழாய். ஸ்நார்கெல் என்ற பெயர் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளின் காற்றுக்குழாயிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதைத் ‘துபா’ என்கிறார்கள். கருவி அதைவிடப் பழையது. அரிஸ்டாட்டில் யானையின் துதிக்கையை விளக்கும்போது நீரில் மூழ்குவோரின் மூச்சுக்கருவியை உவமையாகக் காட்டுகிறார். நாம் குழாயை விளக்க யானையைக் காட்டுவோம். அவர் யானையை விளக்கக் குழாயைக் காட்டினார். கோயில் யானை இல்லாத ஊர். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களுக்கோ குழாயும் இல்லை, ஒன்றும் இல்லை. கல்லின் கனத்தோடு மூச்சடக்கி இறங்கினார்கள். அந்த மரபில் வந்தவன் என்ற பெருமிதத்தோடு கேட்டேன்: குழாய் ஏன் ஒரு முழம்தான் இருக்கிறது, பத்தடிக்கு இருந்தால் ஆழத்தில் உலாவலாமே? கூடாது. ஆழம் போகப் போக நீர் நெஞ்சை அமுக்கும். மேலிருந்து காற்றை இழுக்க விலா எலும்புக்குத் தெம்பு இருக்காது. போதாததற்கு நீளக் குழாயில் நாம் விட்ட மூச்சே வெளியேறாமல் நின்று நமக்கே திரும்பி வரும்.

உண்மையான இடர் குழாயில் இல்லை, மீசையில் இருந்தது. முகக்கண்ணாடியின் மெல்லிய விளிம்பு தோலோடு ஒட்டினால்தான் நீர் புகாது. மூக்குக்குக் கீழே ஒட்டுவதற்குத் தோலே இல்லாத தமிழ் ஆண்மகன் என்ன செய்வான்? ஒவ்வொரு மயிர்க்காலும் ஒரு வாய்க்கால். இரண்டே நிமிடத்தில் அட்லாண்டிக் என் மூக்கு வரை வந்துவிட்டது. மகள் வாசலினை நீட்டினாள், மனைவி சவரக் கத்தி வாங்கி வந்திருக்கலாம் என்றார். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்ற பழமொழியைச் செய்தவர் இந்தச் சிக்கலை முன்பே பார்த்திருக்க வேண்டும். கூழுக்குப் பதில் பவளப் பார் என்று மாற்றினால் போதும். வாசலின் வென்றது. கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க உள்ளே எச்சில் துப்பித் தேய்க்க வேண்டும் என்றார்கள். ஆயிரக்கணக்கான மைல் விமானத்தில் வந்து, இந்த விஷயத்தில் மட்டும் நம் ஊர்ப் பேருந்து நிலைய அனுபவம் கை கொடுத்தது.

தண்ணீருக்குள் கண்ணாடி வழியே பார்க்கும் எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், ஒளிவிலகல். நான் கண்ட எலுமிச்சைச் சுறாக் குட்டி ஒரு மீட்டர். ஒளிவிலகலைக் கழித்தால் முக்கால் மீட்டர். பயத்தையும் கழித்தால் அரை மீட்டர். புல் மேயும் பேராமை ஒன்றைப் பார்த்தேன். அது என்னைப் பார்க்கவில்லை. கிளிமீன்கள் பவளத்தை நறுக் நறுக்கென்று கடிக்கும் ஓசை கேட்டது. கடித்த சுண்ணாம்பு அரைபட்டு மணலாய் வெளியேறுகிறது. இந்தக் கடலோரங்களின் வெண்மணலில் நல்ல பங்கு அவற்றின் கழிவுதான். அதன்மேல் விரிப்பு விரித்துப் படுத்திருந்தவர்களிடம் இதைச் சொல்ல மகள் மறுத்துவிட்டாள்.

சாப்பாடு வந்தபோது மேசையில் கட்டம் போட்ட துணி. அதன் பெயர் இங்கே ‘மத்ராஸ்’; தீவின் பெண்கள் தலைப்பாகையாகக் கட்டும் மரபுத் துணி. தட்டில் ‘கொலம்போ’: மஞ்சள், கொத்தமல்லி, சீரகம், கடுகு, வெந்தயம் அரைத்த பொடியில் வேகவைத்த கோழி, பக்கத்தில் சோறு. பெயர் இலங்கையின் கொழும்பிலிருந்து வந்தது என்போர் ஒரு கட்சி, குழம்பு என்ற சொல்லே என்போர் மறு கட்சி. ஆய்வாளர் இரண்டாம் கட்சி. ஒரு வாய் வைத்ததும் மனைவி, “குழம்புதான். புளி போட மறந்துட்டாங்க” என்று வழக்கை முடித்துவைத்தார். கையில் கொடுத்த ரம், கரும்புச் சாற்றிலிருந்து வடித்தது. அந்தக் கரும்புக்காகத்தான் 1848-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு, 1854 முதல் 1889 வரை 40,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறிய தமிழர் அவர்களில் நிறையப் பேர். அவர்கள் போன கடல்வழி மூன்று மாதம் எடுக்கும். காலையில் ஒன்றரை மணி நேரத்தில் ஆய்வாளர் பட்ட பாட்டை இந்த இடத்தில் நான் மனைவிக்கு நினைவூட்டவில்லை.

திரும்பும்போது கொண்டல் முதுகுக்கு வந்தது. பாய் ஏறியது, இயந்திரம் ஓய்ந்தது, எல்லாரும் தூங்கினார்கள். சுக்கான் அருகே இருந்த மாலுமி இளைஞரின் குடும்பப்பெயர் ‘சாமி’ என்று முடிந்தது, தமிழ் தெரியாது. மகள் உதவியோடு என் முடிவுகளை அவர் முன் வைத்தேன்: வினைத்தொகை, டாம்பியர், வலை, எல்லாவற்றையும். பொறுமையாகக் கேட்டார். பிறகு மகளிடம் ஏதோ கேட்டார்.

“உங்க ஊர் மீனவர்கள் இன்னும் கட்டுமரத்துலதான் போறாங்களான்னு கேக்கறார்.”

“சில இடங்கள்ல உண்டு. பெரும்பாலும் இல்லைன்னு சொல்லு.”

“பின்னே எதுல போறாங்களாம்?”

பதிலை அவள் பெயர்க்க வேண்டியிருக்கவில்லை. “ஃபைபர்” என்றேன்.

அவர் குனிந்து கப்பலின் பக்கவாட்டை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார். “ஃபீப்ர்” என்றார். பிறகு காலடியில் கிடந்த கயிற்றுச் சுருளை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, துறை வந்துவிட்டது, கட்ட வேண்டும் என்று மகளிடம் சொல்லிவிட்டு அணியத்துக்கு நடந்தார்.