காயலாங்கடை வழியாகக் கடலுக்கு

அலைச்சறுக்கு விளையாட்டின் வரலாற்றை விளம்பரக்காரர் எழுதினால் வெயிலில் மின்னும் கட்டுமஸ்தான வாலிபர்கள் வருவார்கள். ஒரகடத்துக் காயலாங்கடைக்காரர் எழுதினால் முதல் பக்கத்திலேயே பாப் சிம்மன்ஸ் வருவார்.

1919-ல் பிறந்த கலிஃபோர்னியாக்காரர். சைக்கிள் விபத்தில் இடது முழங்கை போய்விட்டது. அப்புறம் அது ஒழுங்காக மடங்கவேயில்லை. அந்தக் காலத்து அலைப்பலகையோ முழு மரம், நாற்பது கிலோவை நெருங்கும். தண்ணீர்வரை தூக்கிப்போவதற்குள் பாதி உயிர் போகும். இரண்டு கையும் நன்றாக இருந்தவர்கள் அதற்கு வீரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். சிம்மன்ஸுக்கு அந்த வீரம் கட்டுப்படியாகவில்லை.

நல்லவேளையாக உலகப் போர் ஒன்று நடந்து முடிந்திருந்தது. விமானங்களுக்காகத் தயாரான கண்ணாடியிழையும் பிசினும் போருக்குப்பின் வெளிச்சந்தைக்கு வந்தன. மனிதர் கணக்கில் புலி. வேகப்படகுகளின் அடிப்பாகம் பற்றி லிண்ட்சே லார்ட் 1946-ல் எழுதிய புத்தகத்தைக் கரைத்துக் குடித்தார். பிறகு தெர்மாகோலில் கைவைத்தார். அதன்மேல் நேரடியாகப் பிசினைத் தடவினால் தெர்மாகோல் கரைந்து போகும். அதனால் மேலும் கீழும் ப்ளைவுட், ஓரத்தில் பால்சா மரம், அதற்கு மேல்தான் கண்ணாடியிழை. எடை பாதிக்கும் கீழே இறங்கியது. 1954-ல் அலையிலேயே அவர் ஆயுள் முடிந்தது. ஆனால் இன்று கோவளத்தில் பிள்ளைகள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் பலகைக்கு அவரும் ஒரு தாத்தா. அதை யாரும் மாற்றுத்திறனாளிக்கான சிறப்பு உபகரணம் என்று சொல்வதில்லை. எல்லாரும் ஏறிவிட்டால் ‘சிறப்பு’ உதிர்ந்துவிடும் போலிருக்கிறது.

நம்மூரிலும் இதே கூத்து நடந்தது, வேறு கிடங்கில். ஏவுகணைக்காக ஹைதராபாத்தில் அப்துல் கலாம் குழு உருவாக்கிய லேசான கலப்புப்பொருளை ஓர் எலும்பு மருத்துவர் கையில் தூக்கிப் பார்த்தார். பார்த்தவர் கலாமை நேராகத் தன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட காலிப்பரை, அதாவது நடக்க உதவும் உலோகத் தாங்கியை, காலில் கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றே வாரத்தில் 300 கிராமில் மாற்று தயார். ஏவுகணைக்கு எவ்வளவு செலவானாலும் கேள்வி கிடையாது. காலிப்பரின் எடையைப் பற்றி அதுவரை யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நடக்க முடியாதவருக்கான அலைப்பலகைக்குப் பொருள் தேடி, இப்போது கார் ஆலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலைக்கு வருவோம். கார் பாகங்களைச் சுற்றி வரும் வெள்ளை நுரை ஷீட்டைக் கவனியுங்கள். தண்ணீர் குடிக்காத சாதி அது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர் பலகையில் குப்புறப் படுத்தால், தோல் உரசிப் புண்ணாவது அவருக்கே தெரியாது. அந்த இடத்தில் ஒட்ட இது பிரமாதம். நெஞ்சை உயர்த்த ஒரு திண்டு, பிடித்துக்கொள்ள இரண்டு கைப்பிடி வேண்டும். கார் சீட்டின் பஞ்சு மட்டும் வேண்டாம், கடலையே குடித்துவிடும். விரல் பிடிக்காதவருக்குக் கைப்பிடிக்குப் பதில் முழங்கை மாட்டுகிற மாதிரி வார். ஆளைப் பலகையோடு சேர்த்து இறுகக் கட்டிவிடுவது மட்டும் கூடவே கூடாது. கவிழ்ந்தால் வெளியே வரத் தெரிய வேண்டும், பக்கத்தில் நீந்தத் தெரிந்த இருவர் இருக்க வேண்டும்.

பலகை தயார். ஆனால் சக்கர நாற்காலி மணலில் இறங்கினால் அச்சுவரை புதையும். இதற்காகச் சென்னை மாநகராட்சி மெரினாவில் 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டு 2022 நவம்பர் 27 அன்று திறந்தது. கடல் பன்னிரண்டு நாள் பொறுத்தது. டிசம்பர் 9 அன்று மாண்டஸ் புயல் வந்து, மக்கள் இத்தனை வருஷம் கேட்டு வாங்கியதை ஒரே மூச்சில் பெயர்த்துப் போட்டது. திரும்பவும் சரிசெய்தார்கள். ஆனாலும் பாதை முடிகிற இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே மணல்தான். அங்கே ஓட, காற்றடைத்த குண்டுச் சக்கரம் வேண்டும். ஒரகடம் பக்கம் டயர் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. பழைய டியூப் நாலு யாராவது கொடுத்தால் தேவலை.