திருகினால் மசியாத செரோக்கி

கேள்வி: என் 1995 ஜீப் செரோக்கியில் (4.0 லிட்டர்) டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கை முன்னே தள்ளலாமா? 1989 மாடலின் கம்ப்யூட்டர் மலிவாகக் கிடைக்கிறது, போடலாமா?

பதில்: திருப்பினால் டிஸ்ட்ரிபியூட்டர்தான் திரும்பும், டைமிங் திரும்பாது! கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் கிராங்க் சென்சார் ஃப்ளைவீலின் வெட்டுகளைப் படித்துச் சொல்ல, தீப்பொறியின் நேரத்தைக் கம்ப்யூட்டரே குறிக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் அந்தத் தீப்பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கும். பெட்ரோல் பீய்ச்சும் வரிசைக்கும் அடையாளம் காட்டும். இடம் பிசகினால் இன்ஜின் திக்கும். 1989 கம்ப்யூட்டரா? வேண்டவே வேண்டாம். அது ரெனிக்ஸ் என்ற பழைய கட்டுப்பாட்டு முறை. 1991இலேயே கிரைஸ்லர் முறை வந்துவிட்டது. இரண்டு இன்ஜினும் 4.0 லிட்டர், ஒரே குடும்பம்தான். ஜாதகம் மட்டும் பொருந்தாது. 2000 மாடலில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. இழுவை குறைந்திருந்தால் பிளக், கேப், ரோட்டர், சென்சார் வயர் இவற்றை முதலில் பாருங்கள்.