ஊருக்கெல்லாம் தெரிஞ்ச ரத்தக்குழாய்

வா மாப்ளே, இந்தக் கயித்துக் கட்டில்ல உக்காரு. மெதுவா, மெதுவா. நெஞ்சுக்குள்ள பெரிய ரத்தக்குழா விரிஞ்சுபோச்சாமே ஒனக்கு? வடகாட்டு டீக்கடையில நாலுங்கிறாக, கீரமங்கலம் பூ மார்க்கெட்டுல நாலரைங்கிறாக. இப்படியே போனா ஆலங்குடி போய்ச் சேர்றதுக்குள்ள ஆறாயிரும். டாக்டரு விட்டாலும் ஊர்க்காரவுக ஒனக்கு ஆபரேசன் பண்ணாம விடமாட்டாக.

எக்கோ ரிப்போர்ட்டைக் கொண்டா பாப்பம். 4.2 சென்டிமீட்டரு. இதுக்கா பொழுதன்னைக்கும் நெஞ்சைத் தடவிக்கிட்டுத் திரியிறே? எம் பேத்தி நர்ஸு வேலைதானே பாக்குறா, அவள்ட்ட கேட்டேன். அந்தப் பெரிய குழாய்க்கு அயோட்டான்னு பேரு. அதுல மேல ஏறுற பகுதி 4க்குள்ள இருந்தாப் பேச்சில்ல. அதைத் தாண்டுனா லேசான விரிவு. 5.5 கிட்ட வந்தாத்தான் பொதுவாக் கத்தியைப் பத்திப் பேசுவாகளாம். குடும்பத்துல யாருக்காச்சும் அந்தக் குழா கிழிஞ்சிருந்தாலோ, மார்ஃபான்னு பிறவி நோவு ஒண்ணு, அது இருந்தாலோ அதுக்கு முன்னாடியே யோசிப்பாக. ஒனக்கு அதெல்லாம் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரு. பெரும்பாலும் வருசத்துக்கு ஒரு மில்லிமீட்டரு கூட ஏறாதாம். எந் தங்கச்சி மக ஒம்மேல வச்சிருக்க சந்தேகம் அதைவிட வேகமா ஏறுது.

சைக்கிள் டியூப்பு ஒரு எடத்துல புடைச்சிருந்தா என்ன பண்ணுவோம்? காத்தை அளவா அடிப்போம். ஒனக்குக் காத்துன்னா பிரஷரு. மாத்திரையை நேரத்துக்கு முழுங்கு, உப்பைக் கொறை. வைக்கப்போருக்குள்ள சொருகி வச்சிருக்கியே பீடிக்கட்டு, அதை அங்கயே மாடு தின்னட்டும். மூச்சைத் தம் புடிச்சுப் பலாப்பழத்தை லாரியில ஏத்துற வீரத்தை இனிமே எளவட்டப் பயலுககிட்ட விட்டுரு. ஆனா ஒண்ணு, டாக்டரு தூக்கக் கூடாதுன்னது மூட்டையை. காபி தம்ளரையும் அதுல சேத்துக்கிட்டது நீ.

இன்னொண்ணையும் கேட்டுக்க. ஒண்ணுக்குக் கடுத்தாப் போதும், மருந்துக்கடையில நீயாப் போயி சிப்ரோ வாங்கிப் போடுவே. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின்னு அது ஒரு கூட்டம். குழா விரிஞ்சவுகளுக்கு வேற வழி இருக்கையில அதைக் குடுக்காதீகன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018 டிசம்பர்லயே எச்சரிச்சிருச்சு. எந்த டாக்டரு மருந்து எழுதினாலும் மொதல்ல அயோட்டா விசயத்தைச் சொல்லு. சொல்றதுக்கு ஒனக்குச் சொல்லியா குடுக்கணும்!

ஐன்ஸ்டீனு இருந்தாரே, அவருக்கு வயித்துக்குள்ள இந்தக் குழாதான் வீங்கிக் கெடந்துச்சு. 1948ல நிஸ்ஸன்னு ஒரு டாக்டரு வயித்தைத் திறந்து, மிட்டாய் சுத்துற செல்லோபேன் தாளை அதைச் சுத்திக் கட்டி விட்டாரு. அதோட ஆறு வருசத்துக்கு மேல ஓட்டிட்டு, 1955ல அது வெடிச்சப்ப திரும்ப ஆபரேசன் வேணாம்னுட்டாரு. அந்தக் காலத்துக்குத் தாள்தான். இப்ப கெட்ட குழாயை வெட்டிட்டு வேற குழா வச்சுத் தைக்கிறாக.

அது கெடக்கட்டும். மகனைப் பாக்க சிங்கப்பூரு போறேன்னு பயணக் காப்பீடு எழுதியிருக்கியாமே, அந்தப் பாரத்தை எடு. ‘ஏற்கெனவே உள்ள நோய்கள்?’ ‘இல்லை.’ அடேங்கப்பா! பூக்கட்டுற கெழவிக்குத் தெரியிது, பஸ்ஸு கண்டக்டருக்குத் தெரியிது, காசு கட்ட வேண்டிய கம்பெனிக்கு மட்டும் தெரியக் கூடாது. ஏஜெண்டுப் பய ‘இல்லைன்னே போடுங்க சித்தப்பா’ன்னானா? நல்ல பய. பில்லு வர்ற அன்னைக்கு அவன் போனு அணைஞ்சிருக்கும்.

சரி, மறைச்சிட்டே. பிரீமியத்துல கொஞ்சம் மிச்சம். அங்க போயி நெஞ்சு வலின்னு படுக்கிறே. வெளிநாட்டுக்காரனுக்கு அங்க சலுகை கெடையாது, முழு பில்லு. ஒன் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டுனா அழகா இருக்குன்னு பாத்துட்டுத் திருப்பிக் குடுப்பாக. கம்பெனிக்காரன் துப்பறிய வேண்டியதே இல்ல. ‘ரெண்டு வருசமா 4.2 டாக்டர்’னு நீயே சொல்லுவே, அவரு அதை எழுதுவாரு, அந்தத் தாளு நேராப் பாலிசி ஆபீசுக்குப் போகும்.

2009ல ஒருத்தரு இப்படித்தான் வெளிநாட்டுப் பாலிசி எடுத்துக்கிட்டு அமெரிக்காவுக்குக் கல்யாணத்துக்குப் போனாரு. சான்ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்துல எறங்குனதுமே வேர்த்து விறுவிறுத்து, ஆஸ்பத்திரியில மூணு ஸ்டென்ட் வச்சாக. பழைய நோவுன்னு கம்பெனி கைவிரிச்சிருச்சு. ஆனா மனுசன் சக்கரை இருக்குன்னு பாரத்துல ஒழுங்கா எழுதியிருந்தாரு. தெரிஞ்சே பாலிசி குடுத்துட்டு அப்பறம் அதையே காரணம் காட்டலாமான்னு கேட்டு, 2021 டிசம்பர் 6ல உச்ச நீதிமன்றம் அவரு பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. எழுதிக் குடுத்தவருக்கே அத்தனை வருசம் அலைச்சல் மாப்ளே. எழுதாத ஒனக்கு நம்ம அய்யனாருதான் குதிரையில போயி வாதாடணும்.

பேனாவைப் புடி. ‘மேலேறும் அயோட்டாவில் லேசான விரிவு, 4.2 செ.மீ., ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை’. தேதியையும் போடு. கூடக் கேட்டா கூடக் கட்டு, ஒரு கம்பெனி முடியாதுன்னா அடுத்த கம்பெனியைக் கேளு. பழைய நோவுக்கு ‘உயிருக்கு ஆபத்தான அவசரம்’னா மட்டும், அதுவும் ஒரு வரம்பு வரைக்கும் தர்ற பாலிசி இருக்கு. அந்த வரம்பு எவ்வளவு, ஒன் வயசுக்கு அதுலயும் வெட்டு உண்டான்னு பொடி எழுத்தைப் படி. கண்ணு தெரியலைன்னா பேரனை விட்டுப் படிக்கச் சொல்லு. கடைசி எக்கோ ரிப்போர்ட்டு, டாக்டரு சீட்டு, மாத்திரை எல்லாம் கைப்பையில இருக்கணும், பெரிய பொட்டியில போட்டுறாதே. அந்தப் பொட்டியையும் நீ தூக்காதே.

திருச்சியில ஏறும்போது பக்கத்து சீட்டுக்காரன்ட்ட நோவைப் பத்தி ஆரம்பிச்சிறாதே, பாவம் அவன் எறங்கி ஓட முடியாது. எனக்குப் பெருசா ஒண்ணும் வேணாம். வரும்போது கோடாலித் தைலம் ரெண்டு டஜன் வாங்கிட்டு வா. அந்தக் கனத்தை நீ தூக்கலாமான்னு பேத்திக்கிட்ட முன்கூட்டியே கேட்டு வச்சிருக்கேன், தாராளமாத் தூக்கலாமாம்.