ஸ்டில்லா

பாட்டிக்கு என் பெயர் கடைசிவரை வாயில் நுழையவில்லை. தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடலோர ஊர் எங்களுடையது. ஓலைப்பெட்டியை முன்னால் வைத்து நெத்திலித் தலையைக் கிள்ளிப் போட்டபடியே, "ஏட்டி இஸ்தெல்லா!" என்று கத்துவாள். தெருவுக்கே கேட்கும். ஞானஸ்நானத்தன்று சாமியார் எழுதிக் கொடுத்தது ஸ்டெல்லா. பள்ளிக்கூடத்து சிஸ்டர்கள் கூப்பிட்டதும் ஸ்டெல்லா. "இஸ்கூலுக்குப் போற இஸ்தெல்லா" என்று பையன்கள் ராகம் போட்டது பாட்டியால்தான் என்று அவள்மேல் எனக்குத் தீராத கோபம்.

மெய்யெழுத்தில் சொல் தொடங்கினால் தமிழ் நாக்கு ஓர் உயிரெழுத்தைத் துணைக்கு அழைத்துக்கொள்ளும் என்பது கல்லூரியில் இலக்கணம் படித்தபோதுதான் உறைத்தது. பிற்பாடு தெரிந்தது, லத்தீன்காரரின் ஸ்டெல்லாவைப் பிரெஞ்சுக்காரர்கள் எஸ்தெல் ஆக்கினார்கள், ஸ்பானியரும் போர்த்துகீசியரும் நட்சத்திரம் என்ற அந்தச் சொல்லுக்கே முன்னால் ஓர் 'எ' சேர்த்துக்கொண்டார்கள், டிக்கன்ஸின் கதாநாயகிகூட எஸ்டெல்லாதான். அவர்கள் செய்தால் மொழி வரலாறு. பாட்டி செய்தால் பட்டிக்காடு.

பெயருக்கு என்ன அர்த்தம் என்று சாமியாரிடம் கேட்டபோது, "நட்சத்திரம். மாதாவுக்கே ஸ்டெல்லா மாரிஸ், கடலின் விண்மீன் என்று பட்டம் உண்டு. கடற்கரைப் பிள்ளைக்கு வேறென்ன பொருத்தம் வேணும்?" என்றார். பனியையே பார்க்காத தூத்துக்குடியில் ஆகஸ்ட் 5 அன்று பனிமய மாதாவுக்கு விழா எடுக்கிற ஆட்கள் நாங்கள். பொருத்தத்தைப் பற்றி எங்களிடம் பேசக்கூடாது. விடிவெள்ளி பார்த்துக் கட்டுமரத்தைத் திருப்புகிற தாத்தா மட்டும், "அப்ப வெள்ளின்னே வச்சிருக்கலாமே" என்றார்.

சென்னைக்கு வேலைக்கு வந்ததும் வேறு தொல்லை. "ஸ்டெல்லா மாரிஸா?" என்பார்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று, நாட்டுக்கு விடுதலை கிடைத்த நாளிலேயே தொடங்கிய அந்தக் கல்லூரியில் நான் படிக்கவில்லை என்றதும் மரியாதை அரைப்படி இறங்கும். இன்னும் சிலர், "தொடர்கதை எழுதுற ஸ்டெல்லா புரூஸ் உங்களுக்குச் சொந்தமா?" என்பார்கள். அவர் ராம்மோகன் என்கிற ஆண் என்று விளக்கினால் நம்பமாட்டார்கள். பழைய ரோமாபுரியிலும் இதே கூத்துதான்: அங்கே அருன்டியுஸ் ஸ்டெல்லா என்றொரு கவிஞர் கான்சல் பதவிவரை உயர்ந்தார், மீசை மழித்த ஆண்மகன். ஆங்கிலத்தில் இதைப் பெண் பெயராக்கிய பெருமை பிலிப் சிட்னியுடையது. அவர் கவிதையின் காதலி ஸ்டெல்லா, 1591இல் அச்சேறினாள்.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த ரேஷன் கார்டில் நான் 'ஸ்டில்லா' ஆகியிருந்தேன். ஒற்றைக்கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் அது இல்லை; எழுத்தின் தலையில் ஒரு விலங்கு. மனு, நோட்டரி, பச்சை மை கையெழுத்து என்று அலைந்தேன். "சீனி வருதில்ல, பேர்ல என்னம்மா?" என்று கேட்டார் ஒருவர். மூன்று வருஷம் சண்டை போட்டு அந்தக் கொம்பை வாங்கினேன்.

வீட்டுக்காரருக்குத் தனித்தமிழ்ப் பற்று. மகள் பிறந்ததும், "உன் பேரையே தமிழாக்கிட்டேன்" என்று தாரகை எனச் சூட்டினார். தாரகை வடமொழியிலிருந்து வந்தது. அந்தத் தாராவும் லத்தீன் ஸ்டெல்லாவும் இங்கிலீஷ் ஸ்டாரும் ஒரே வேரில் முளைத்தவை. அவர் தமிழாக்கவில்லை, சுற்றிவந்து அதே வீட்டின் பின்கதவைத் தட்டியிருக்கிறார். எனக்கு விஷயம் தெரிந்தபோது மகள் எட்டாம் வகுப்பு. குடும்ப அமைதி கருதி வாயைத் திறக்கவில்லை.

அந்தத் தாரகை இப்போது அமெரிக்காவில் தாரா. அவளுக்குப் பெண் பிறந்து மூன்றாம் நாள் போன்.

"பேர் வச்சாச்சும்மா. ஸ்டெல்லா."

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "என் பேரையா வச்ச?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அது... ஆப்ல பார்த்து நாங்க ரெண்டு பேரும் செலக்ட் பண்ணினதும்மா. இங்க இப்ப ரொம்ப ட்ரெண்ட். ஆமா, உன் பேரும்தான்ல!"

அவளைக் குறை சொல்வதற்கில்லை. அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதல் நூறு பெயர்களில் இருந்து, பிறகு கிழவிகளின் பெயராகி முடங்கிக் கிடந்தது, இந்த நூற்றாண்டில் எழுந்து மறுபடி முதல் நூறுக்குள் வந்துவிட்டது. நான்தான் எழவில்லை.

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது ஓய்வுபெற்ற சாமியார் ஒருவர் சொன்னார். மரியாள் என்ற எபிரேயப் பெயருக்குப் புனித ஜெரோம் லத்தீனில் கண்ட பொருள் 'ஸ்டில்லா மாரிஸ்', கடல்துளி என்றும், பிரதி எடுத்தவர்கள் கைப்பிழையில் அது 'ஸ்டெல்லா' ஆகி விண்மீனாகிவிட்டது என்றும்தான் அறிஞர்கள் சொல்கிறார்களாம். இகரம் எகரமானதில் ஒரு சொட்டுத் தண்ணீர் வானத்துக்கு ஏறியிருக்கிறது. ஆக, ரேஷன் கார்டு எழுதிய புண்ணியவான் மூலப்பாடத்தை மீட்டிருக்கிறார். நான் மூன்று வருஷம் மனுப்போட்டு அதைக் கெடுத்திருக்கிறேன்.

மகள் பேத்தியின் பிறப்புச் சான்றிதழை வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.