கடைசி டேக், பாட்டி!

"இதுதான் கடைசி டேக், பாட்டி" என்று அவன் சொன்னால், வெயில் உச்சிக்கு வரும்வரை யாரும் நாற்காலியை விட்டு எழக்கூடாது என்று அர்த்தம்.

பள்ளிக்கு ஒருவன் இப்படி இருக்கிறான். படிவம் நான்கு, மிஞ்சினால் ஐந்து. கணக்கில் தேறுவானா என்று வீட்டில் கவலை; பையனோ 'எங்கள் பள்ளியும் வட்டார வரலாறும்' காணொளிப் போட்டிக்கு இயக்குநர். கழுத்தில் ஹெட்போன் தொங்கும், அதன் ஒயர் எதிலும் செருகியிருக்காது. கூட நான்கு பேர். ஒருவன் கையில் டிரோன். மற்ற மூவருக்கும் இயக்குநர் சொன்னதை இன்னும் கொஞ்சம் சத்தமாகத் திருப்பிச் சொல்வதுதான் வேலை.

காப்பாரில் என்னை 'வரலாற்று ஆலோசகர்' ஆக்கிய இயக்குநருக்கு ரீடேக் ஒன்றுதான் குலதெய்வம். லாரி போனால் ரீடேக். கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் போகும் கூட்டரசுச் சாலை 5-ன் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு லாரி போகாத நிமிடத்துக்குக் காத்திருந்தான் அந்த மகராசன். சேவல் கூவினால் ரீடேக். சேவல் கூவாவிட்டாலும் ரீடேக், ஏனென்றால் 'கிராமத்து ஃபீல்' வரவில்லை. பாட்டி சிரித்துவிட்டால் ரீடேக். "சோகமா சொல்லுங்க பாட்டி." பாட்டி சோகமாகச் சொன்னால், "ரொம்ப சோகமா இருக்கு, கொஞ்சம் கொறச்சுக்குங்க."

பாட்டி சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்தான்: "பத்து வயசுல தோட்டத்துல மங்கு தொடைக்கப் போனேன்." முதல் டேக்கில் பத்து. தேத்தண்ணி வந்துபோன பிறகு ஒன்பது. அடுத்த லாரிக்குப் பின் எட்டு. இயக்குநர் கண்ணில் ஒரு பளபளப்பு. "எட்டு நல்லா இருக்கு பாட்டி, ஏழுன்னா இன்னும் டச்சிங்கா இருக்கும்." பாட்டியும் பெரிய மனசு பண்ணி ஏழு என்றார். இன்னும் சில டேக் போயிருந்தால் அவர் பிறப்பதற்கு முன்னாலேயே வேலைக்குப் போயிருப்பார்.

பிறகு பால்வெட்டுக் காட்சி. காப்பாரைச் சுற்றிச் செம்பனையும் தொழிற்சாலையும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. பால்மரத்துக்கு அவன் எங்கே போவான்? பாட்டியின் பழைய உளியைக் கொடுத்துச் செம்பனை அருகில் நிற்க வைத்தான். "க்ளோசப்ல தெரியாது பாட்டி."

"டேய், பனையில பால் வெட்டச் சொல்றியே, மண்டோரு பாத்தா பேரு வெட்டிடுவாருடா!" என்றார் பாட்டி. படம் முழுக்க அதைவிட நல்ல வசனம் கிடையாது. பாட்டி சிரித்துக்கொண்டே சொன்னதால் அதற்கும் ரீடேக்.

டிரோன் மேலே போனதும் திரையில் முதலில் வந்தது சுல்தான் சலாஹுடின் அப்துல் அசீஸ் மின்நிலையத்தின் புகைபோக்கி. "இது வரலாறு இல்லயே, எடிட்டிங்ல அழிச்சிடலாம்" என்றான். 1980களில் வந்து ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்ட மின்நிலையம் அது. அவன் கணக்கில் கறுப்பு வெள்ளையில் இருந்தால்தான் வரலாறு. 1901இல் கிள்ளானுக்கு வந்து, சதுப்பு நிலத்தை வடியவைத்து மலேரியாவை அடக்கிய டாக்டர் மால்கம் வாட்சனைப் பற்றிச் சொன்னேன். "அவர் போட்டோ எச்டில இருக்கா அங்கிள்?" என்று கேட்டான்.

பேட்டரி தீர்ந்தபோதுதான் அசல் விஷயமே வந்தது. பையன்கள் கறிபாப் தின்னப் போய்விட்டார்கள். பாட்டி சும்மா பேச ஆரம்பித்தார்.

"எங்கப்பா சைக்கிள உருட்டிக்கிட்டேதான் போவாரு. வெள்ளக்கார தொரையெல்லாம் ஊருக்குப் போன பெறகும், ஆபீசு பக்கம் வந்தா மனுசன் எறங்கிடுவாரு. அந்தப் பழக்கம் போகவே இல்ல."

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும். கள்ளுக்கடை போக வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும். முன்னால் நின்றவர் ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' பத்திரிகையின் துணையாசிரியர். மே மாதம் அவரைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, சுட்டது, தொழிலாளர்கள் செத்தார்கள். பிள்ளைகளின் படிப்புக்கும் சேர்த்து நடந்த போராட்டம். பள்ளி வரலாற்றுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எங்கே கிடைக்கும்?

கறிபாப்போடு வந்தவனிடம் சொன்னேன். துள்ளிக் குதித்தான். மைக் மாட்டினான், விளக்கைத் திருப்பினான். "பாட்டி, அப்ப சொன்னத அப்படியே சொல்லுங்க."

பாட்டி முந்தானையைச் சரிசெய்து, நிமிர்ந்து உட்கார்ந்து, "அனைவருக்கும் வணக்கம்" என்று தொடங்கினார். அப்பாவும் சைக்கிளும் அதோடு போயே போய்விட்டார்கள்.

ஆனால் பையனை மட்டும் எவ்வளவு திட்டுவது? ஐந்து நிமிடப் படத்தில் வாழ்த்துரைக்கும் ஆதரவாளர் சின்னங்களுக்கும் ஒன்றரை நிமிடம் ஒதுக்கச் சொன்னது பெரியவர்கள். பள்ளிகளின் வரலாற்றை அவர்கள் காப்பாற்றிய அழகையும் பாருங்கள். பள்ளிவயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்று வெள்ளைக்காரன் சட்டமே போட்டிருந்தான். அப்படி வந்த பள்ளிகளில் கிராணியும் மண்டோரும் வாத்தியார் வேலை பார்த்த காலம் உண்டு. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள். இன்று ஐந்நூற்றுச் சொச்சம். மூடிய பள்ளிகளின் பதிவேடுகள் எங்கே என்று கேட்டுப் பாருங்கள்: தோட்டத்தை விற்றபோது குப்பையோடு போனது, கரையான் தின்றது, பழைய தலைமையாசிரியர் வீட்டில் இருந்தது, அவரும் போய்விட்டார். ஆண்டுக்கொரு விருந்துக்கு ஹோட்டல் எடுக்கத் தெரிந்த சங்கங்களுக்கு ஓர் இரும்பு அலமாரி வாங்கத் தெரியவில்லை. எழுபது வருடமாக யாரும் வாய்திறந்து கேட்காத பாட்டியிடம் முதலில் போய்க் கேட்டவன், ஒயர் செருகாத இந்த ஹெட்போன்காரன்தான். அன்று சாயங்காலம் பாட்டியின் பிஸ்கட் டின்னில் கிடந்த படங்களை எல்லாம் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகப் படமெடுத்து, எது யார் என்று எழுதிக்கொண்டுதான் போனான்.

அதனால் ஒரு வேண்டுகோள். காப்பார், மேரு, கிள்ளான் பக்கம் பழைய தோட்டப் பள்ளியின் வருகைப் பதிவேடோ வகுப்புப் படமோ வைத்திருப்பவர்கள் உங்கள் ஊர் இயக்குநரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பேச ஆரம்பிக்கும்போதே போனில் ரெக்கார்டிங்கைத் தட்டிவிட்டு மறந்துவிடச் சொல்லுங்கள். முக்கியமாக, காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்காருங்கள்.